கிளைக்கு வயது இருபது, வேருக்கு வயது மூன்று



இந்த மாதச் செய்திக்காக நான் வேறொரு பகுதியைத் தியானித்து, குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் போன மாதம் நடுவில் ஒரு ராத்திரி அடித்த கோடை மழையில் சபை வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு காரியத்தை வைத்து ஆவியானவர் என்னைக் கண்டித்தார். அதை மறைத்து வைத்துவிட்டு வேறு செய்தி கொடுக்க எனக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆகையால் இதை ஒரு பிரசங்கமாக மட்டுமல்ல, உங்கள் போதகனுடைய பாவ அறிக்கையாகவும் வாசியுங்கள்.

கிணற்றடிக்குப் பக்கத்தில் நிற்கிற மாமரத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னே ஒரு விசுவாசிக் குடும்பம் கிருஷ்ணகிரிப் பக்கம் சந்தூரிலிருந்து வாங்கிவந்து காணிக்கையாகக் கொடுத்த ஒட்டுக்கன்று அது. பெங்களூரா ஜாதி, நாம் கிளிமூக்கு என்று சொல்லுவோமே, அதுதான். மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, தொழுஉரமும் மேல்மண்ணும் கலந்து போட்டு, வாலிபப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே நட்டார்கள். அடுத்த தை மாதமே பூத்துவிட்டது! இடுப்பளவு உயரம்கூட இல்லை, அதற்குள் கொத்துக்கொத்தாய்ப் பூ. எங்கள் வீட்டில் சந்தோஷம் தாங்கவில்லை.

நம்முடைய சபையில் வாழ்நாளெல்லாம் மாந்தோப்புக் குத்தகை பார்த்த மூப்பர் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் அன்றைக்கே வந்து பார்த்துவிட்டு, "பாஸ்டர், இந்தப் பூவை ஒடிச்சுப் போடுங்க. மூணு நாலு வருஷத்துக்கு இதைக் காய்க்க விடக்கூடாது" என்றார். என் மனைவி முகத்தைப் பார்த்தேன். "கர்த்தர் கொடுத்த பூவை ஒடிக்கிறதாங்க?" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஒடிக்கவில்லை. அந்த வருஷம் இரண்டு பழம் கிடைத்தது. மறுவருஷம் ஒன்பது. இந்த வருஷமோ எண்ணிப் பார்த்தேன், 43 காய்! வருகிறவர்கள் எல்லாம் மரத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்தார்கள். நானும் ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், முதல் வசனத்தை வாசிக்கும் முன்பே, "என் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள், நட்ட மூன்றாம் வருஷத்தில் கர்த்தர் கொடுத்த ஆசீர்வாதத்தைப் பாருங்கள்" என்று சொல்லி அல்லேலூயா போட்டேன். நீங்களும் போட்டீர்கள்.

அந்த மழை ராத்திரியில் பெருங்காற்று ஒன்றும் அடிக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு முருங்கைக்கிளைகூட ஒடியவில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், கிழக்குப் பக்கத்துக் கிளை தரையில் கிடக்கிறது. அதில் மட்டும் 17 காய். கிளை ஒடிந்தால்கூடப் பரவாயில்லை. அது கிழிந்திருந்தது. அடிமரத்துப் பட்டையையும் ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கியிருந்தது. உள்ளே வெள்ளைச் சதை தெரிந்தது.

மூப்பர் ஐயாவை அழைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "காத்து ஒடிக்கல பாஸ்டர். காய் ஒடிச்சிருக்கு."

பிறகு அவர் எனக்கு ஒட்டுக்கன்றின் இரகசியத்தை விளக்கிச் சொன்னார். வேதாகமக் கல்லூரியில் நான் படிக்காத பாடம் அது. ஒட்டுக்கன்று எப்படி உண்டாகிறது? மாங்கொட்டையை முளைக்கப்போட்டு ஒரு சின்ன நாற்று எடுக்கிறார்கள். அதன் தலையை வெட்டிவிட்டு, ஏற்கெனவே பலன் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு பெரிய தாய்மரத்தின் குச்சியைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுகிறது. இப்போது பாருங்கள், மேலே இருக்கிற கிளை இருபது வயது மரத்தின் கிளை. அதற்குப் பூக்கத் தெரியும், காய்க்கத் தெரியும். அதனால்தான் நாற்றுப்பண்ணையின் பையில் இருக்கும்போதே சில கன்று பூத்துவிடுகிறது. ஆனால் கீழே இருக்கிற வேர் நேற்று முளைத்த வேர். கிளையின் ஞாபகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. "கிளைக்கு இருபது வயசு பாஸ்டர், வேருக்கு மூணு வயசு. நீங்க கிளையைப் பாத்தீங்க, வேரைப் பாக்கல" என்றார்.

பிரியமானவர்களே, அந்த இடத்திலேயே ஆவியானவர் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

நாமெல்லாரும் ஒட்டவைக்கப்பட்டவர்கள் அல்லவா? ரோமர் 11-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் காட்டு ஒலிவமரத்தின் கிளையை நல்ல மரத்தில் ஒட்டவைக்கிறதைப் பேசும்போது, கிளைகளைப் பார்த்து, வேரை நீ சுமக்கிறதில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்ற கருத்தில் எச்சரிக்கிறார். ஒரு மனுஷன் இரட்சிக்கப்படுகிற நாளிலேயே மேலான ஜீவன் அவனுக்குள் முழுமையாக வந்துவிடுகிறது. அபிஷேகம் வந்த அன்றே அந்நியபாஷையில் பேசுகிறான். அழுது ஜெபிக்கிறான், சாட்சி சொன்னால் கேட்கிறவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். இதெல்லாம் மெய்தான், தேவனால் உண்டானதுதான். ஆனால் வசனத்தில் வேர்கொள்ளுகிறதும், ஜெபப் பழக்கம் உண்டாகிறதும், துக்கம் வந்தால் தாங்குகிறதும், கடன்காரன் வாசலில் நின்றால் பொறுமையாயிருக்கிறதும் ஒரே நாளில் வருகிறதில்லை. அதற்கு மழைக்காலமும் வேண்டும், கத்திரிவெயிலும் வேண்டும், வருஷங்களும் வேண்டும்.

இதை நம்முடைய தேவன் மோசேயின் நாளிலேயே இஸ்ரவேலுக்கு நியாயப்பிரமாணமாகக் கொடுத்திருக்கிறார். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் 23 முதல் 25 வரை எடுத்து வாசித்துப் பாருங்கள். கானான் தேசத்தில் போய்ப் பழமரம் நட்டால், முதல் மூன்று வருஷத்துக் கனியைத் தொடக்கூடாது. நாலாம் வருஷத்துக் கனி முழுவதும் கர்த்தருக்குத் துதியாகப் பரிசுத்தம். ஐந்தாம் வருஷம்தான் நீங்கள் புசிக்கலாம், அப்போது பலன் பெருகும் என்கிறார். நான் இந்தப் பகுதியை எத்தனையோ தடவை வாசித்து, இது சடங்காச்சாரம், நமக்கில்லை என்று கடந்துபோயிருக்கிறேன். மரத்தைப் படைத்தவர் அல்லவா அதைச் சொல்லியிருக்கிறார்! மூப்பர் ஐயா சொன்ன "மூணு நாலு வருஷம்" என்ற கணக்கு அதிலேயே எழுதியிருக்கிறது.

ஏன் இந்தக் காத்திருப்பு? ஒரு மாங்காய் தேறி வர வேண்டுமானால் ஏறக்குறைய 30 இலைகளாவது அதற்காக வெயிலில் உழைக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அப்படியானால் என் மரத்தின் 43 காய்க்கு 1,290 இலைகள் வேண்டும். அவ்வளவு இலை அதில் இருந்ததா? இல்லை. அப்போது மரம் என்ன செய்யும் தெரியுமா? தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கிறதை எடுத்துக் காய்க்கு ஊட்டும். புதுத் துளிர் விடாது, வேர் ஓடாது. வெளியே பார்த்தால் ஆசீர்வாதம். உள்ளே மரம் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது.

இப்போது நான் சொல்லவேண்டிய காரியத்துக்கு வருகிறேன்.

நம்முடைய சபையில் ஒரு வாலிபத் தம்பி இருந்தான். இதை எழுதுகிறதற்கு அவனிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான். உங்களில் பலருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னே உபவாசக் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டான். குடியிலிருந்து கர்த்தர் அவனை விடுவித்தார். அவன் ஞானஸ்நானம் எடுத்தபோது அவன் தாயார் ஆற்றங்கரையில் மண்ணில் விழுந்து அழுததை நான் மறக்கமாட்டேன். அடுத்த ஞாயிறு அவனைச் சாட்சி சொல்லச் சொன்னேன். சபையே அசைந்தது. அதற்கடுத்த வாரம் கிளைச்சபையில் சாட்சி. பிறகு கன்வென்ஷனில். பிறகு பக்கத்து ஊர் ஊழியக்காரர்கள் கேட்டு அனுப்பி வைத்தேன். நன்றாகப் பாடுகிறான் என்று ஆராதனையில் நிறுத்தினேன். சின்னப் பிள்ளைகள் அவனிடம் ஒட்டிக்கொள்ளுகிறார்கள் என்று ஓய்வுநாள் பள்ளியைக் கொடுத்தேன். வாலிபர் கூட்டத்துக்குச் செயலாளர். சனிக்கிழமை தெருப்பிரசங்கத்துக்கு மைக் செட் கட்டுகிறதும் அவன்தான், ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்து பாய் விரிக்கிறதும் அவன்தான். ஆறு மாதத்துக்குள் இத்தனையும். அவன் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. நான் ஒரு தடவைகூட, "தம்பி, நீ எப்போது வசனம் வாசிக்கிறாய்? எப்போது தூங்குகிறாய்? வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்டதில்லை.

43 காயை எண்ணின கண்ணுக்கு இலையை எண்ணத் தெரியவில்லை.

பிறகு அவன் வீட்டில் தகப்பனாருக்குச் சுகவீனம், கையில் பணமில்லை, வேலையிலும் பிரச்சினை. இரண்டு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் நான் பிரசங்க பீடத்தில் நின்று, கலப்பையில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்களைப் பற்றிக் கடினமாகப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் அவன் உட்காருகிற இடத்துக்குத்தான் போனது. அவன் அன்றைக்கு வந்திருந்தான், பின்னால் நின்றிருந்தான். எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. பத்து மாதமாகிறது. பின்மாற்றக்காரன் என்றோம், சாத்தானின் சோதனை என்றோம், ஜெபக்குறிப்பில் பெயரை எழுதினோம். ஒருவரும், நான் உட்பட, "பாரம் அதிகம் ஏற்றிவிட்டோமோ?" என்று கேட்கவில்லை.

காற்று ஒடிக்கவில்லை, சபையாரே. காய் ஒடித்தது. காயைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தவர்கள் நாம்.

சிலர் சொல்லலாம்: "பாஸ்டர், ஆவியானவர் எழுப்பும்போது தடுக்க நாம் யார்? லேகியோன் பிடித்திருந்த மனுஷன் விடுதலையான அன்றைக்கே சாட்சி சொல்லப் போகவில்லையா? சமாரியா ஸ்திரீ குடத்தை வைத்துவிட்டு ஓடவில்லையா?" ஓடினாள், தடுக்கக்கூடாதுதான். ஆனால் மாற்கு 5-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். விடுதலையான அந்த மனுஷன் படகில் ஏறி இயேசுவோடுகூட வர வேண்டும் என்று கெஞ்சினான். ஆண்டவர் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை! அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் மேடையில் நிறுத்தியிருந்தால் எவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்திருக்கும்? அவரோ அவனை வீட்டுக்கு அனுப்பி, உன் இனத்தாருக்குச் சொல்லு என்றார். அவனுடைய வேர் எங்கே ஓட வேண்டுமோ அங்கே அவனை நட்டார். நானாயிருந்தால் படகில் முதல் இடம் கொடுத்திருப்பேன்.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். தமஸ்குவில் உடனே பிரசங்கித்தான் என்பது மெய். ஆனாலும் கலாத்தியர் முதலாம் அதிகாரத்தில் அவனே சொல்லுகிறான்: அரபிக்குப் போனேன், தமஸ்குவுக்குத் திரும்பினேன், மூன்று வருஷம் சென்றபின்தான் எருசலேமில் பேதுருவைக் கண்டேன் என்று. மூன்று வருஷம்! லேவியராகமக் கணக்குப் போலவே இல்லை? பிறகு அவனைத் தர்சுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து பர்னபா தேடிப்போய் அழைத்துவந்தான். அந்தப் பவுல்தான் பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனைக் கண்காணிப்பில் வைக்காதே, ஒருவன்மேலும் அவசரப்பட்டுக் கைகளை வைக்காதே என்று புத்தி சொல்லுகிறான்.

எழுப்புதலுக்காக நாம் ஜெபிக்கும்போதெல்லாம் வேல்ஸ் தேசத்து எழுப்புதலைச் சொல்லுகிறோம். இவான் ராபர்ட்ஸ் சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போன ஒரு வாலிபன். 1904-ஆம் ஆண்டு லௌகர் என்ற ஊரிலுள்ள மோரியா ஆலயத்தில் ஒரு சில வாலிபர்களோடு ஜெபிக்க ஆரம்பித்தபோது அவருக்கு வயது 26. அதற்குப் பின் தேசமே அசைந்தது. ஓர் இலட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. அதன் அனல் 1905-இல் நம்முடைய இந்தியாவில் காசி மலைகளிலும் விழுந்தது. இவ்வளவும் நாம் பேசுவோம். அதற்கடுத்ததைப் பேசமாட்டோம். இராப்பகலாய்க் கூட்டங்கள், தூக்கமில்லை, ஆகாரமில்லை, எல்லா ஊராரும் அவரையே கேட்டார்கள். 1906-இல் அவர் முற்றிலும் தளர்ந்துபோய், இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில் ஒரு விசுவாசிக் குடும்பத்தின் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. 1951-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நடுவிலிருந்த அத்தனை வருஷங்களிலும் பெரும்பாலும் மேடையை விட்டு விலகி ஜெபத்திலே கழித்தார். அவர் ஜெபித்தது வீணென்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டங்களில் அனலை அனுபவித்த ஆயிரம் பேரில் பத்துப் பேர் அந்த வாலிபனை வீட்டுக்கு அழைத்துக் கஞ்சி கொடுத்துத் தூங்கவைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இந்த நாட்களில் நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, மரத்தை என்ன செய்தோம் என்று சொல்லுகிறேன். வீட்டில் மரம் வைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலாவது மூப்பர் ஐயா கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, மிச்சமிருந்த 26 காயில் பாதிக்குமேல் வெட்டச் சொன்னார். இழுத்துப் பிடுங்கக்கூடாது, காம்போடு வெட்ட வேண்டும். இரண்டு மூன்றாகத் தொங்கின கொத்தில் ஒன்றை விட்டு மற்றதை எடுத்தோம். கிளை நுனியில் இருந்ததை எல்லாம் எடுத்தோம், அடிமரத்துக்குக் கிட்ட இருந்ததை விட்டோம். 11 காய் மிச்சம். எல்லாம் நல்ல காய்தான், ஒன்றும் சொத்தை இல்லை. அதுதான் கைக்கு வலித்தது. கெட்ட காயை வெட்ட ஊழியக்காரன் தேவையில்லை. யோவான் 15-இல் பிதாவாகிய தோட்டக்காரர் கத்தியை வைக்கிறது காய்க்காத கொடியில் மட்டுமா? காய்க்கிற கொடியிலும் வைக்கிறார் அல்லவா? இனிமேல் பூக்கிற சின்னக் கன்றுக்கு அவர் சொன்ன முறை என்னவென்றால், பூங்கொத்து தலைகாட்டின உடனே ஒடிக்கக்கூடாது. ஒடித்தால் பக்கத்து மொட்டிலிருந்து மறுபடியும் பூத்து மரம் இன்னும் களைத்துப்போகும். கொத்து நன்றாக விரிந்த பிறகு ஒடிக்க வேண்டும்.

அடுத்தது முட்டுக்கொடுக்கிறது. நல்ல கவைக்கம்பாகப் பார்த்து வெட்டி, கவையில் சாக்குத்துணியைச் சுற்றி, தொங்குகிற கிளைக்குக் கீழே நிறுத்தினோம். சாக்கு எதற்கு என்றால், காற்றில் கிளை ஆடும்போது கம்பு பட்டையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். தாங்குகிற கையே புண்ணாக்கக்கூடாது பாருங்கள். யாத்திராகமம் 17-இல் மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊரும் என்ன செய்தார்கள்? "இன்னும் விசுவாசமாய்த் தூக்குங்கள் ஐயா" என்று பிரசங்கம் பண்ணவில்லை. முதலாவது ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கினார்கள். நமக்குப் பிரசங்கம் பண்ணத்தான் தெரிகிறது, கல் தூக்கத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிப்பு. சிலபேர் பயந்துபோய் இளமரத்தைக் குச்சியோடு இறுக்கிக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அதுவும் தப்பு. கம்பி பட்டையில் இறங்கிவிடும். மேலும், காற்றில் கொஞ்சம் ஆடுகிற மரத்துக்குத்தான் அடித்தண்டு பருக்கும். ஆடவே விடாமல் கட்டிவைத்த மரம் கட்டை அவிழ்த்த அன்றே சாய்ந்துவிடும். பழைய சைக்கிள் டியூபோ துணியோ எடுத்து எட்டுப் போல வளைத்து, தளர்த்திக் கட்ட வேண்டும். புது விசுவாசிகளுக்கு ஒன்றுமே கொடுக்காதே, மூன்று வருஷம் கடைசி வரிசையில் உட்காரவை என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அப்படிச் சொல்லுகிற மூத்த விசுவாசிகள் நம்மில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்த மரத்தைக் காட்டி நான் துணை நிற்க முடியாது. கொஞ்சம் ஆடட்டும், பக்கத்தில் நில்லுங்கள்.

தண்ணீரை அடிமரத்தில் ஊற்றிப் பிரயோஜனமில்லை. உச்சிவெயிலில் மரத்தின் நிழல் எதுவரைக்கும் விழுகிறதோ அந்த ஓரத்தில் வட்டமாகப் பாத்தி கட்டி விட வேண்டும். தண்ணீர் தேடி வேர் அங்கேதான் ஓடும். பத்து நாள் காயப்போட்டுவிட்டு ஒரே நாளில் வெள்ளமாய் விட்டாலும் காய் உதிரும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பொழிந்துவிட்டு ஆறு நாள் விசாரிக்காமல் விடுகிற மேய்ப்பனைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த இலையையும் தேங்காய் மட்டையையும் பாத்தியில் மூடாக்காகப் போட்டோம், தண்டைத் தொடாமல்.

ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு துளிர் செழிப்பாய் வந்திருந்தது. பார்க்க அழகு. அது கிளிமூக்கு அல்ல, பழைய கொட்டையின் சுபாவம். வளரவிட்டால் மேலே இருக்கிற நல்ல கிளைக்குப் போகவேண்டிய சாரத்தை எல்லாம் அதுவே குடித்துவிடும். மேல்மரம் பாரத்தால் தளர்ந்த இடத்தில் அடிக்கன்று தலைதூக்குகிறது. அந்தத் தம்பிக்குப் பழைய சிநேகிதர்கள் எந்த மாதத்தில் திரும்ப வந்தார்கள் என்று பின்பு விசாரித்தேன். வீட்டில் தகப்பனார் படுத்திருந்த அதே மாதத்தில்தான். நாம் ஒருவரும் போகாத வீட்டுக்கு அவர்கள் போயிருக்கிறார்கள்.

கிழிந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தொங்கின கிளையைத் திரும்பத் தூக்கிக் கட்ட முடியுமா என்று கேட்டேன். அந்த அளவுக்குக் கிழிந்தது ஒட்டாது என்றார் மூப்பர். கிளையை அறுத்தெடுத்து, பிசிறாக இருந்த பட்டையைக் கூர்மையான கத்தியால் ஓரம் சுத்தமாகச் சீவிவிட்டார். பிறகு மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையைத் தடவினார். "இனி இதைத் தொடாதீங்க. தினமும் வந்து தடவிப் பாக்காதீங்க. ஓரத்துலேர்ந்து பட்டை தானா மூடிவரும், ரெண்டு வருஷமாகும். அடுத்த வருஷம் பூத்தா ஒரு பூவையும் விடாதீங்க. எரு வையுங்க, தண்ணி விடுங்க, சும்மா இருக்க விடுங்க" என்றார்.

சும்மா இருக்க விடுகிறது! எலியா சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்தபோது கர்த்தர் கர்மேல் பர்வதத்தை நினைப்பூட்டிக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் கொடுத்தார். பேச்செல்லாம் பிறகுதான்.

போன வாரம் நான் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். பத்து மாதத்தில் முதல் தடவை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து, பீடத்திலிருந்து பேசின அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியில், "வர்றேன் ஐயா. ஆனா என்னை முன்னால கூப்பிடாதீங்க. சாட்சி சொல்லச் சொல்லாதீங்க. பாடச் சொல்லாதீங்க. நான் பின்னால செருப்பு விடுற இடத்துக்குக் கிட்ட உக்காந்துட்டுப் போறேன்" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்னுடையது மட்டுமல்ல, சபையின் வாக்கு.

ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவன் எந்த ஞாயிறு வருவான் என்று எனக்குத் தெரியாது. வந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். "ஆட்டுக்குட்டி திரும்பி வந்துவிட்டது" என்று ஒருவரும் அல்லேலூயா போட வேண்டாம். தாய்மார்கள் சூழ்ந்துகொண்டு ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம். மைக்கை யாரும் அவன் பக்கம் நீட்ட வேண்டாம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் மட்டும் தடுக்காதீர்கள். பாய் விரிக்கிற வேலைக்கு இனிமேல் மூப்பர்களும் நானும் முறை வைத்துக்கொண்டோம். அவனுடைய தகப்பனாரை வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அழைத்துப்போய்வர ஆள் வேண்டும். செவ்வாய்க்கு ஒருவர் ஒத்துக்கொண்டார், சனிக்கிழமைக்கு இன்னும் ஒருவர் தேவை. யாருக்கு முடியுமோ ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து சொல்லுங்கள், எல்லார் முன்பாகவும் கைதூக்க வேண்டாம்.

மரத்தில் இருக்கிற 11 காயும் ஜூலையில் பறிக்கிற பக்குவத்துக்கு வரும்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்